கொச்சியை விட்டு செங்கோட்டைப் பக்கம் வருகிறோம்: 2,400 சதுர அடியா, 1,200 போதுமா?

காக்கநாட்டு வாடகை

மன்ற நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடமாகக் கொச்சியில் இருக்கிறோம். காக்கநாட்டில் 950 சதுர அடி ஃபிளாட், வாடகை 22,000, பராமரிப்புக்குத் தனியாக 2,800. நான், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், 69 வயது அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், மனைவி புனலூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இப்போது அலுவலகத்தில் மாதம் இரண்டு முறை முகம் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் ஏன் இங்கே கிடந்து சாக வேண்டும் என்று ஒரு நாள் ராத்திரி பேச ஆரம்பித்து, இரண்டு பேர் ஊருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று செங்கோட்டையில் வந்து நிற்கிறோம். பாலருவி எக்ஸ்பிரஸ் இருப்பதால் கொச்சிக்கு வந்துபோவதும் ஒரே ரயில்.

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் 8 சென்ட் மனை பார்த்திருக்கிறோம், சென்ட் 2.75 லட்சம் சொல்கிறார்கள், ஆக 22 லட்சம். காக்கநாட்டில் இந்தப் பணத்துக்கு இரண்டு சென்ட் கூட வராது. இன்ஜினியர் 2,400 சதுர அடிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: கீழே இரண்டு படுக்கையறை, மேலே இரண்டு, நான்குக்கும் தனித்தனி பாத்ரூம், எனக்கு ஆபீஸ் அறை, மாடியில் மலையைப் பார்த்த பெரிய பால்கனி. சதுர அடிக்கு 2,300 கேட்கிறார். கையில் 38 லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன்.

இத்தனை வருடம் தீப்பெட்டிக்குள் வாழ்ந்தாயிற்று, இனிமேலாவது விசாலமாக இருக்கலாமே என்பது என் ஆசை. அங்கே வீடு கட்டி இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

புளியரைக்காரன்

வாங்க வாங்க. ஒரே ஒரு கேள்வி. மனையை எந்த மாதம் வந்து பார்த்தீர்கள்?

காக்கநாட்டு வாடகை

பிப்ரவரி கடைசியில். ஏன் கேட்கிறீர்கள்?

புளியரைக்காரன்

நினைத்தேன். மாசி, பங்குனியில் இந்த ஊரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஆனி கடைசியிலோ ஆடியிலோ ஒரு வாரம் வந்து தங்கிப் பாருங்கள். ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று வரும் பாருங்கள், அதைக் காற்று என்று சொல்வது மரியாதைக்குத்தான். கொக்கி போடாத கதவு அறைந்து நிலையோடு ஆடும், ஓட்டு வீட்டில் ஓரத்து ஓடு கிளம்பும். கூடவே சாரல். துணி மூன்று நாளானாலும் ஈரம் காயாது, பீரோவுக்குள் பட்டுச்சேலை, சர்டிபிகேட் எல்லாம் பூசணம் பிடிக்கும். குற்றாலத்துக்கு வருகிறவனுக்கு அது சீசன், இங்கே குடியிருக்கிறவனுக்கு மூன்று மாத ஈரம்.

பயமுறுத்தவில்லை. ஐந்து தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம், வேறு ஊருக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் எங்கள் பழைய வீடுகளைப் பாருங்கள், மேற்குச் சுவரில் ஜன்னல் சின்னதாக, உயரத்தில் இருக்கும். தார்சா, அதாவது முன்வராந்தா, கிழக்கே பார்த்து இருக்கும். உங்கள் பால்கனி எந்தத் திசை?

காக்கநாட்டு வாடகை

மேற்கு. மலை அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

புளியரைக்காரன்

மலையும் அந்தப் பக்கம், காற்றும் அந்தப் பக்கம், மழையும் அந்தப் பக்கம். ஆடியில் அதைத் திறக்க மாட்டீர்கள். மற்ற மாதம் சாயங்கால வெயில் நேரே அடிக்கும்.

கணக்கு நோட்டு

நான் காற்றைப் பற்றிப் பேசவில்லை, பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். மனை 22 லட்சம், கட்டடம் 2,400 பெருக்கல் 2,300, அதாவது 55.2 லட்சம். மொத்தம் 77.2. உங்கள் 38 போக ஏறக்குறைய 40 லட்சம் கடன். எட்டரை சதவீதம், இருபது வருடம் என்றால் மாதம் 34,700 ரூபாய் வரும். இப்போது வாடகையும் பராமரிப்பும் சேர்த்து 24,800 கொடுக்கிறீர்கள். செலவு குறையட்டும் என்று ஊர் மாறி, மாதம் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்கப் போகிறீர்கள், அதுவும் இருபது வருடத்துக்கு. கையிருப்பும் பூஜ்யம்.

இதில் பத்திரச் செலவு வரவில்லை. தமிழ்நாட்டில் இப்போது முத்திரைத்தீர்வையும் உபரி வரியும் சேர்த்து 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பெண்கள் பெயரில் வாங்கினால் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்தது பத்து லட்சம் மதிப்பு வரைக்கும்தான், உங்கள் மனைக்குப் பொருந்தாது. அப்புறம் காம்பவுண்டு சுவர், போர், சம்ப், கேட், கரண்டு இணைப்பு. 8 சென்டைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டு பதிலைக் கேளுங்கள்.

அதே மனையில் 1,200 சதுர அடி கட்டினால் கட்டடம் 27.6, கடன் 12 லட்சம் அளவில் முடியும், தவணை 10,400. விலை குறைந்த ஊருக்கு வந்ததன் பலன் அப்போதுதான் உங்கள் கைக்கு வருகிறது. இல்லாவிட்டால் அந்தப் பலன் முழுவதையும் சிமெண்டாக மாற்றி வைத்துக்கொள்கிறீர்கள்.

மேல்மாடி காலி

என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். தென்காசிக்கு வெளியே 2,650 சதுர அடி, 2019-ல் பால் காய்ச்சினோம். சென்னையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவன், உங்களைப் போலவே ஆசை.

போன வருடம் மாடியில் எத்தனை நாள் ஆள் படுத்தார்கள் என்று மனைவியும் நானும் விரல் விட்டு எண்ணினோம். பதினொரு நாள். அதில் நான்கு நாள் பெயிண்டர்கள்.

புழங்காத பாத்ரூமை யாராவது யோசித்திருக்கிறீர்களா? தரைக்குழியில் நிற்கும் தண்ணீர் காய்ந்துபோய் உள்ளேயிருந்து நாற்றமும் கரப்பானும் மேலே வரும், அதனால் வாரம் ஒரு முறை மாடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டும். நான் 61 வயதில் செய்கிற பூஜை இதுதான். சாரலுக்கு மேற்குச் சுவர் ஓதம் ஏறி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வெளிப்பூச்சு. ஒரு ஜன்னலை மூட மறந்தால் மெத்தை நனையும். வேலைக்கு வரும் அம்மா கீழே பெருக்கித் துடைக்க ஒரு சம்பளம், மாடிக்கு இன்னொன்று என்று சொல்லிவிட்டார், அவர் சொல்வதும் நியாயம்தான்.

சீசனுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று கட்டினேன். வருகிறார்கள், ஆனால் எல்லோரும் கீழே பட்டாசல் என்கிற ஹாலிலேயே பாய் விரித்து, மின்விசிறிக்கு அடியில் வரிசையாகப் படுத்து விடிய விடியக் கதை பேசுகிறார்கள். மாடியில் ஏசி போட்ட அறை தனியாகக் கிடக்கிறது.

சுரண்டை அண்ணாச்சி

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்களே. நான் எதிர்த்துத்தான் சொல்வேன். வீட்டைக் கட்டிப்பார் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை, ஒருவன் ஆயுசுக்கு ஒரு தடவைதான் கட்ட முடியும். 1,200 கட்டிவிட்டு எட்டு வருடம் கழித்து மேலே எழுப்பலாம் என்பவர்கள் யாராவது எழுப்பியதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், என் மச்சினன். குடியிருந்துகொண்டே மாடி எழுப்பினான், ஒன்றரை வருடம் சோற்றில் மணல். கம்பி, சிமெண்ட் விலையும் கொத்தனார் கூலியும் என்றைக்காவது இறங்கியிருக்கிறதா? தம்பிக்கு ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு மருமகன் வந்தால் ஹாலிலா படுக்க வைப்பது?

கடன் என்றால் எல்லோருக்கும் பயம். கடன் இல்லாமல் எந்தச் சம்சாரி வீடு கட்டினான்?

மேல்மாடி காலி

அண்ணாச்சி, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மருமகன் வருவதற்குள் மேல்மாடிக்கு ஏழு தடவை பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

சுரண்டை அண்ணாச்சி

அடித்தால் என்ன, பெயிண்ட் கடைக்காரனும் பிழைக்க வேண்டாமா.

கணக்கு நோட்டு

அண்ணாச்சி சொல்வதில் ஒன்று சரி. பின்னால் எழுப்புவதாக இருந்தால் இன்றைக்கே அதற்குத் தயார் பண்ணி வைக்க வேண்டும். அஸ்திவாரமும் தூணும் இரண்டு மாடி தாங்கும்படி போடுங்கள், அதற்கு ஆகும் கூடுதல் செலவு மாடி கட்டும் செலவில் சிறு பங்குதான். மாடிப்படியை வெளியே வையுங்கள், அப்போதுதான் மேலே வேலை நடக்கும்போது கீழே சோற்றில் மணல் விழாது, பிற்பாடு வாடகைக்கு விடவும் வசதி. தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், தூண் கம்பிகளை அப்படியே நீட்டி விட்டுவிடாதீர்கள், இந்தச் சாரலில் துரு ஏறி ஒன்றுக்கும் உதவாது, சிமெண்ட் குறைவாகக் கலந்த கான்கிரீட் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள்.

சித்தூர்க்காரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். செங்கோட்டைதான் வேண்டும் என்று கட்டாயமா? எங்கள் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம் பார்த்தீர்களா? சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று தெருவெல்லாம் தமிழ்தான், தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. கோயம்புத்தூர் பக்கம், கொச்சிக்குப் பகல் ரயில்களும் நிறைய.

ஆனால் நிலம் வாங்கும்போது கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். கேரளத்தில் வருவாய் ஆவணத்தில் ‘நிலம்’ என்று இருந்தால் நெல்வயல், ‘புரயிடம்’ என்று இருந்தால்தான் வீட்டுமனை. நம் ஆட்களுக்கு நிலம் என்றால் ஏதோ நிலம் என்று தோன்றும், ஏமாறுவது அங்கேதான். 2008-ல் நெல்வயல், தண்ணீர்த்தட நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு டேட்டா பேங்க் என்கிற அரசாங்க நெல்வயல் பட்டியலில் ஏறிய இடத்தில் வீடு கட்டுவது பெரும்பாடு. பத்திரச் செலவு முத்திரை 8, பதிவு 2, ஆக 10 சதவீதம். வீட்டு அளவுக்கும் கணக்கு உண்டு: 100 சதுர மீட்டர் வரை ஒருமுறைக் கட்டட வரி இல்லை, அதைத் தாண்டினால் உண்டு, 278.7 சதுர மீட்டரைத் தாண்டினால் வருடாவருடம் தனி வரி. 100 சதுர மீட்டர் என்றால் 1,076 சதுர அடி. எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்த எண்ணை மனதில் வைத்துத்தான் கட்டினார்கள்.

தண்ணீர்தான் எங்கள் குறை. மழை மறைவுப் பகுதி. நிலத்தடி நீருக்காக 2002-ல் போராட்டம் தொடங்கிய பிளாச்சிமடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மனை வாங்குவதற்கு முன்னால் பக்கத்துக் கிணற்றைச் சித்திரையில் எட்டிப் பாருங்கள்.

காக்கநாட்டு வாடகை

அந்தப் பக்கமும் யோசித்தோம் சகோதரி. அம்மாவுக்குச் சங்கரன்கோவில் ஆடித்தவசுத் திருவிழாவுக்குப் போக வேண்டும், தங்கச்சி வீடு ராஜபாளையம். பாலக்காடு தூரமாகிவிடும்.

கணக்கு நோட்டு அண்ணனுக்கு: உங்கள் எண்களைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் 950-லேயே முட்டிக்கொண்டு இருப்பவன் 1,200 கட்டினால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? இருநூற்றைம்பது அடிக்காகவா ஊர் மாறுவது?

கணக்கு நோட்டு

உங்கள் 950 என்பது எந்த 950? சூப்பர் பில்டப்பாக இருக்கும். லிஃப்ட், மாடிப்படி, நடைபாதை, வாட்ச்மேன் அறை வரைக்கும் உங்கள் கணக்கில் பங்கு போட்டிருப்பார்கள். டேப்பை எடுத்து உள்சுவருக்கு உள்சுவர் அளந்துவிட்டு வந்து எழுதுங்கள்.

காக்கநாட்டு வாடகை

அளந்தேன். மகள் டேப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள். 682 சதுர அடி. பதினோரு வருடமாக 950-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு நோட்டு

அதேதான். தனிவீட்டில் 1,200 என்றால் ஒன்பது அங்குலச் சுவரெல்லாம் போக உள்ளே ஆயிரம் அடிக்குக் குறையாது. கூடவே முற்றம், புறவாசல், தட்டட்டி எல்லாம் சும்மா கிடைக்கிறது. இப்போது இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு.

பழைய பத்திரம்

வீட்டு அளவைப் பற்றி மூன்று பக்கம் பேசிவிட்டீர்கள், மனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த 8 சென்ட் டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரம் உள்ளதா? அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்பனையாகிப் பதிவான மனைக்குத்தான் வரன்முறைக்கு, அதாவது பிற்பாடு முறைப்படுத்திக்கொள்வதற்கு, வழி. செங்கோட்டை, தென்காசி வட்டங்களில் மலையடிவாரக் கிராமங்கள் சில ஹாகா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வரும், அங்கே தனி அனுமதி வேண்டும். புரோக்கர் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்றால் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான், அவர் கமிஷனோடு போய்விடுவார்.

இன்னொன்று, செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். மூலப்பத்திரத்தைத் தேடிப் பின்னால் போனால் மலையாள எழுத்தில் வரலாம். உங்கள் வீட்டம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்றால் பாதி வேலை மிச்சம். கூட்டுப்பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிக் கொடுத்த பிறகுதான் மீதிப் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வீட்டு அளவோடு சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி என்றால் ஆன்லைனிலேயே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் 8 சென்ட் 3,485 சதுர அடி, அதில் வராது. ஐந்தரை சென்ட் வரும்.

புனலூர்ப் பெண்

வணக்கம். மேலே கேள்வி கேட்டவரின் மனைவி நான்தான். அவர் காட்டித்தான் இந்த இழையைப் படித்தேன், படித்த பிறகு தனியாக ஒரு கணக்குத் தொடங்கி எழுதுகிறேன், ஏனென்றால் இத்தனை பேர் இத்தனை எழுதியும் நான்கு பாத்ரூமை யார் கழுவுவது என்று ஒருவர் தவிர யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் வீட்டில் யார் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று காலண்டர் தாளின் பின்புறம் குறித்தேன். மகளுக்குத் தனி மேஜை இருக்கிறது, ஆனால் வீட்டுப்பாடம் எழுதுவது அடுக்களை வாசலில் தரையில். மாமியார் பகல் முழுவதும் ஜன்னல் பக்கத்து நாற்காலியில், தெருவில் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு. இவர் மீட்டிங் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார், மீட்டிங் இல்லாதபோதும் சாத்திக்கொள்வார். நான் அடுக்களையிலும் துணி காயப்போடும் இடத்திலும். எங்கள் சண்டையெல்லாம் இடம் பத்தாமல் வரவில்லை, இவர் ‘வீடியோ கால்’ பேசும்போது மிக்ஸி போட்டால்தான் வருகிறது.

அதனால் எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இவருக்கு அடுக்களையிலிருந்து எட்டி இருக்கிற ஒரு சின்ன அறை, 8க்கு 10 போதும், கதவு கெட்டியாக இருக்கட்டும். மாமியாருக்குக் கீழேயே அறை, ஒட்டினாற்போல் பாத்ரூம், கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, பிற்காலத்தில் சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்கு அகலக் கதவு. தெருவைப் பார்த்த தார்சா. நல்ல அடுக்களை. சாரலிலும் துணி காய்கிற மாதிரி மேலே தகரம் போட்ட இடம். இதையெல்லாம் விட்டுவிட்டு அந்த வரைபடத்தில் மாடியில் ‘ஃபேமிலி லவுஞ்ச்’ என்று ஒன்று எழுதியிருக்கிறது. நாங்கள் நான்கு பேர், கீழே இருந்து எழுந்து மேலே போய் எதற்காக உட்கார வேண்டும், அதுவும் முழங்கால் வலிக்கிறவரைக் கீழே தனியாக விட்டுவிட்டு?

மேல்மாடி காலி

எங்கள் வீட்டு லவுஞ்சில் இப்போது வெங்காயமும் தேங்காயும் காய்கிறது அம்மா.

சுரண்டை அண்ணாச்சி

வீட்டம்மாவே சொன்ன பிறகு நான் பேசுவதற்கு என்ன இருக்கிறது. ஆனாலும் அஸ்திவாரத்தைக் கெட்டியாகப் போடுங்கள் தாயி.

களியக்காவிளை வாத்தியார்

பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் ஆறாம் வகுப்பு வரை மலையாளம் படித்திருப்பாள், தமிழ் பேசுவாள், எழுத வராது, சரிதானே? தமிழ்நாட்டில் 2006-ம் வருடத்துத் தமிழ் கற்கும் சட்டப்படி தமிழ் கட்டாயம். பத்தாம் வகுப்பில் வந்து மாட்டிக்கொள்வதைவிட ஆறு, ஏழிலேயே வந்துவிடுவது நல்லது. எங்கள் எல்லைப் பள்ளிகளில் இப்படி வருகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன், ஒரு வருடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒற்றெழுத்து மட்டும் கடைசிவரை தகராறு, அது இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

வண்டி கேரள எண்ணாக இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்து ஓட்டும்போது எண்ணை மாற்ற வேண்டும், தடையில்லாச் சான்று வாங்கி இங்கே சாலை வரி கட்டணும். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புளியரைக்காரன்

கடைசியாக என் பங்குக்கு. வாங்காதீர்கள், கட்டாதீர்கள், முதலில் ஒரு வருடம் வாடகைக்கோ ஒத்திக்கோ இருந்து பாருங்கள். சாரலும் பார்க்க வேண்டும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் பார்க்க வேண்டும், இரண்டும் வேறு வேறு. 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டத்தில் பெய்த மழைக்கு எந்தெந்த மனையில் தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். நெடுஞ்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம். மலைப்பாதையில் ஏறுகிற லாரி கியர் மாற்றுகிற சத்தம் ராத்திரி முழுவதும் கேட்கும், கார்த்திகை பிறந்தால் ஐயப்பசாமிமார் வண்டிகள் தை வரைக்கும்.

மேக்கரை, வடகரைப் பக்கம் தோப்பு வீடு என்று யாராவது ஆசை காட்டினால் யானை எந்த வழியாக இறங்குகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

நெறியாளர்

யானை, குரங்கு, காட்டுப்பன்றி பற்றிய ஒன்பது பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே வீடு மட்டும்.

காக்கநாட்டு வாடகை

பதினான்கு மாதம் கழித்து வருகிறேன். இழை இன்னும் திறந்திருப்பதில் சந்தோஷம்.

புளியரைக்காரர் சொன்னபடி செங்கோட்டைக்குள் 8,000 ரூபாய் வாடகைக்கு ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்தோம். போன ஆனியில் நீங்கள் சொன்ன காற்று வந்தது. முதல் நாள் ராத்திரி யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று எழுந்து விளக்கைப் போட்டேன். கார்த்திகை மழையில் அந்த 8 சென்ட் மனையைப் போய்ப் பார்த்தோம், கணுக்கால் அளவு தண்ணீரில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அட்வான்ஸ் கொடுக்காமல் விட்டது சாமி புண்ணியம்.

கொச்சிப் பயணம் நினைத்ததைப் போல சுகமில்லை. பாலருவி இங்கே நடுச்சாமத்தில் வருகிறது, போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. மாதம் இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் கொசுவோடு உட்கார்ந்திருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா. மகள் முதல் பருவத்தில் தமிழில் 31 வாங்கினாள், இப்போது 64. அம்மாவுக்குப் பக்கத்துத் தெருவில் மூன்று சிநேகிதிகள், கொச்சியில் பதினோரு வருடத்தில் ஒருவரும் இல்லை.

இப்போது ஊருக்குள்ளேயே மேடான இடத்தில் ஐந்தரை சென்ட் வாங்கியிருக்கிறோம். டிடிசிபி மனை, தனிப்பட்டா. சென்டுக்கு 3.1 லட்சம், அந்த மனையைவிட அதிகம்தான், ஆனால் அம்மாவால் நடந்து கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் போக முடியும். வீடு 1,180 சதுர அடி, ஒரே தளம், மூன்று அறை, இரண்டு பாத்ரூம், அஸ்திவாரம் மட்டும் இரண்டு மாடிக்கு. சுரண்டை அண்ணாச்சி சந்தோஷப்படட்டும். மேஸ்திரி இப்போது 2,350 கேட்கிறார். கடன் பத்து லட்சம், தவணை 8,700, நாங்கள் கொடுக்கிற வாடகையை ஒட்டியே வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி கோலப்பொடி எடுத்து மனையில் வீட்டை முழு அளவில் வரைந்தாள். அறைக்குள் அறையாக நடந்து பார்த்தோம். கட்டில் இருக்கும் இடத்தில் பாய் விரித்து அம்மா உட்கார்ந்து, ‘இங்கே இருந்து தெரு தெரியலையே’ என்றார். ஜன்னலை மூன்று அடி நகர்த்தினோம். காகிதத்தில் அது தெரியவே இல்லை. என் ஆபீஸ் அறை 8க்கு 10 என்பதை 8க்கு 9 ஆக்கிவிட்டாள், மிச்ச அடி அடுக்களைக்குப் போய்விட்டது. எதிர்த்துப் பேச வாயில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. தார்சாவைக் கிழக்கே பார்த்துத் திறந்து வைக்கலாம் என்று ஆசை, ஆனால் குரங்கு வருகிறது. கம்பி போட்டால் சிறை மாதிரி இருக்காதா?

புளியரைக்காரன்

இருக்கும். ஆனாலும் போடுங்கள். கம்பிக்குக் கம்பி மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். பெரியது வெளியே உட்கார்ந்துகொண்டு குட்டியை உள்ளே அனுப்பும்.